ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் முதியவரைக் கவனித்துக்கொள்வது: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

அப்பாவுக்கு 74 வயதில் மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்) வந்தது. மூன்று வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அப்புறம் பெரியம்மாவுக்கு லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்). அந்த இரண்டு சுற்றில் கற்றதையும், வார்டுக்கு வெளியே பெஞ்சில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த மருந்து நல்லது என்பதை உங்கள் ரத்தவியல் டாக்டர் பார்த்துக்கொள்வார். மருந்து ஏறும் மாதங்களில் அந்த வயதான உடம்பு தளர்ந்துவிடாமல் பார்ப்பது பற்றி மட்டும்தான் இங்கே பேசப்போகிறேன். புதியவர்கள் கீமோ மருந்தின் பெயரைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். நான் பார்த்தவரை, பெரியவரைத் திரும்ப ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவை தண்ணீர் குடிக்காமல் விட்டது, ராத்திரி பாத்ரூமில் விழுந்தது, காய்ச்சலைக் காலைவரை தள்ளிப்போட்டது மாதிரியான விஷயங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகள் முதல் டோஸுக்கு முன்பே முடிய வேண்டியவை. பின்னால் செய்தால் பாதிப் பயன்தான்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

- டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்றின் பேட்டரி எப்போதும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தீரும்.
- கையில் கட்டும் பிரஷர் மெஷின், எடை பார்க்கும் மெஷின்.
- கோடு போட்ட நோட்டு ஒன்று. போனில் குறிப்பது வேண்டாம். நீங்கள் இல்லாத நேரத்தில் இன்னொருவர் எடுத்துப் படிக்க வேண்டும்.
- வாரம் முழுக்க மாத்திரை பிரித்து வைக்கும் டப்பா.
- மிக மென்மையான பல் துலக்கி, கையுறை ஒரு பெட்டி.
- படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை வெளிச்சம் தரும் சிறு விளக்குகள்.
- ஆஸ்பத்திரியின் 24 மணி நேர எண். வரவேற்பறை எண் போதாது. ராத்திரி யார் எடுப்பார்கள் என்று முன்பே கேட்டு, ஒருமுறை கூப்பிட்டும் பாருங்கள்.

1. இன்றைய நிலையை எழுதி வையுங்கள்

பத்தாம் நாள் "அப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கார்" என்று நீங்கள் சொன்னால், டாக்டர் "முன்பு எப்படி இருந்தார்?" என்று கேட்பார். எழுதி வைக்காவிட்டால் பதில் இருக்காது. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் ஒரு பக்கம் நிரப்புங்கள்.

எடை, உயரம். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, சாப்பிடுவது ஆகியவற்றில் எவை சொந்தமாக, எவை உதவியோடு. பணம் எண்ணுவது, போன் பேசுவது, மாத்திரை எடுப்பது சரியாக நடக்கிறதா. கடந்த ஆறு மாதத்தில் விழுந்தாரா. காது, கண் எப்படி.

ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரப் படம் ஒன்று வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைக் கேட்பது ஞாபகத்துக்கான சோதனை. பரீட்சை மாதிரி நடத்தாதீர்கள், அவர் கோபித்துக்கொள்வார்.

இதையே மருத்துவர்கள் விரிவாகச் செய்வதற்கு முதியோர் மதிப்பீடு என்று பெயர். 65 வயதுக்கு மேல் கீமோ தொடங்கும் எல்லோருக்கும் இதைச் செய்யச் சிகிச்சை வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. முற்றிய புற்றுநோய் உள்ள 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த மதிப்பீட்டின் முடிவு டாக்டர் கைக்குப் போன குழுவில் கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் 51 சதவீதம். போகாத குழுவில் 71 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது வேறு உறுப்புகளின் புற்றுநோய், லிம்ஃபோமா நோயாளிகளும் இருந்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் தானாக யாரும் செய்யாவிட்டால், கேளுங்கள். உங்கள் ஒரு பக்கத்தை நீட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

2. எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்

சர்க்கரை, பிரஷர், தூக்கம், வயிற்றெரிச்சல், மூட்டுவலி, சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூலிகைப் பொடி, கண் சொட்டு மருந்து, ஒன்று விடாமல். பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட மருந்துகளையே கொண்டுபோவது மேல். பட்டியலில் நாம் "மருந்து" என்று நினைப்பவை மட்டும்தான் ஏறும்.

வலி மாத்திரைகள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகள் வீட்டில் இருந்தால் எடுத்து ஒதுக்குங்கள். அவை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையைக் கெடுத்து ரத்தக்கசிவை வரவழைக்கும். மைலோமா நோயாளிக்குச் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். ஆஸ்பிரின் விஷயத்தில் மட்டும் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். லெனலிடமைடு என்ற மைலோமா மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க டாக்டரே ஆஸ்பிரின் கொடுத்திருக்கலாம், இதய நோயாளிக்கும் கொடுத்திருக்கலாம்.

மூலிகை, பொடி, கஷாயம், டானிக். "இயற்கைதானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிரேப்ஃப்ரூட் பழச்சாறுகூட வெனிட்டோகிளாக்ஸ், இப்ரூட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். பழத்துக்கே இந்தக் கதை என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை என்ன சொல்வது? இரும்புச் சத்து டானிக்கும் அப்படித்தான். ஏற்றும் ஒவ்வொரு ரத்தப் பையோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் போய்ச் சேருகிறது. சோகைக்கு என்று நாம் தனியாக வேறு கொடுத்தால் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் சுமை.

பிரஷர், சர்க்கரை மருந்துகள். வாந்தி, பேதி வந்து சாப்பிடாத நாளில் இவற்றைக் கொடுக்கலாமா, எதை நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் சில பிரஷர் மாத்திரைகளும் நீர் பிரிக்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைச் சட்டென்று முடக்கும்.

ஸ்டீராய்டு. டெக்ஸாமெதாசோன், பிரெட்னிசோலோன் இரண்டையும் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பது வழக்கம். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி தூக்கம் போச்சு. சர்க்கரையும் ஏறும். மதியம், சாயங்காலம்தான் அதிகம் ஏறும் என்பதால், விடிகாலை வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியாக இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். இன்னொன்று, மைலோமாவில் டெக்ஸாமெதாசோன் பெரும்பாலும் வாரம் ஒருநாள்தான். அதைத் தினமும் கொடுத்துவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அட்டை மேல் கொட்டை எழுத்தில் கிழமையை எழுதுங்கள்.

புற்றுநோய் மாத்திரையை மற்றவற்றோடு டப்பாவில் கலக்காதீர்கள். அதன் அட்டையிலேயே இருக்கட்டும். உடைப்பது, பொடிப்பது கூடாது. கையுறை போட்டு எடுத்துக் கொடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். லெனலிடமைடு வகை கருவைக் கெடுக்கும்.

3. முதல் டோஸுக்கு முன் முடிக்க வேண்டிய நான்கு

பல். ஆடும் பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் இப்போதே பாருங்கள். கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்கிய பிறகு பல் பிடுங்கினால் ரத்தமும் நிற்காது, கிருமியும் புகும். எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் போடப்போகிறார்கள் என்றால் இது கட்டாயம். அந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

தடுப்பூசி. ஃப்ளூ, நிமோகாக்கல், கோவிட், அக்கிக்கான உயிரற்ற வகை ஊசி ஆகியவற்றில் எதைப் போடலாம் என்று கேளுங்கள். முடிந்தால் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பு. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி வேண்டவே வேண்டாம். ரிட்டுக்ஸிமாப் (லிம்ஃபோமாவுக்குத் தரும் ஒரு மருந்து) ஏறிய பிறகு ஆறு மாதம்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது, அதனால்தான் முன்பே கேட்பது. வீட்டில் இருக்கிற மற்றவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம்.

ஹெபடைடிஸ் பி பரிசோதனை. ரிட்டுக்ஸிமாப் மாதிரி மருந்துகள் கல்லீரலில் உறங்கிக்கிடக்கும் வைரஸை எழுப்பிவிடும். பொதுவாக ஆஸ்பத்திரியே செய்துவிடும். செய்ததா என்று ஒரு கேள்வி கேட்பதில் நஷ்டம் இல்லை.

இதயம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் கலந்த மருந்து என்றால் முன்னதாக எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். பழைய எக்கோ, ஈ.சி.ஜி. இருந்தால் கொண்டுபோங்கள்.

4. கவுண்ட் இறங்கும் நாட்களை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்

பல கீமோக்களில் மருந்து ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். மருந்துக்கு மருந்து மாறும். கடும் லுகேமியாவில் (வெள்ளை அணுக்களின் புற்றுநோய்) வாரக்கணக்கில் நீளும். உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் என்று கேட்டுச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கல்யாணம், கூட்டம், பேரன் பேத்தியின் சளி எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கட்டும்.

புதியவர்கள் செய்யும் தப்பு, மருந்து ஏறிய மூன்று நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் "வாந்தி நின்றுவிட்டது, தேறிட்டார்" என்று தளர்வது. ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

ரிப்போர்ட் படிக்கவும் பழகுங்கள். மொத்த வெள்ளை அணுவை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 2,000, அதில் நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு வகை) 20 சதவீதம் என்றால், நியூட்ரோபில் 400. அது 1,000-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 500-க்குக் கீழே என்றால் கடும் ஆபத்து. "அப்பாவுக்கு வெள்ளை அணு 40,000 இருக்கே, எதிர்ப்புச் சக்தி ஜாஸ்திதானே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். லுகேமியாவில் அந்தக் கூட்டம் வேலை தெரியாத கூட்டம். மைலோமாவிலும் எண்ணிக்கை சரியாகத் தெரிந்தாலும் நல்ல எதிர்ப்புப் புரதங்கள் குறைந்திருக்கும்.

5. காய்ச்சல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். இதைத் தொட்டால் ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டும், எந்த நேரமானாலும் சரி. உங்கள் ஆஸ்பத்திரி வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சாதாரண ஆளுக்கு இது லேசான ஜுரம். நியூட்ரோபில் இல்லாத முதியவருக்குச் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கக் கிருமி பரவலாம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

நான் செய்த தப்பு இதுதான். முதல் சுற்றின் ஒன்பதாம் நாள், இரவு பதினோரு மணிக்கு அப்பாவுக்கு 100.8. "பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், காலையில் போகலாம்" என்றேன். ஜுரம் இறங்கியது, நானும் தூங்கினேன். விடியும்போது பிரஷர் 80-க்கு வந்திருந்தது. ஐ.சி.யூ.வில் ஐந்து நாள். பாரசிட்டமால் கிருமியை ஒன்றும் செய்வதில்லை, தெர்மாமீட்டரை மட்டும் ஏமாற்றுகிறது. டாக்டரிடம் பேசாமல் கொடுக்காதீர்கள். உடல்வலிக்குக் கொடுப்பதானாலும் முதலில் ஜுரம் பார்த்து எழுதிவிட்டுக் கொடுங்கள்.

இனி வயது செய்யும் குழப்பம். முதியவர்களுக்குக் கிருமி இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். ஸ்டீராய்டும் ஜுரத்தை மூடி மறைக்கும். நியூட்ரோபில் இல்லாததால் சீழ் பிடிக்காது, புண் சிவக்காது, நெஞ்சுச் சளிகூடப் பெரிதாக இருக்காது. ஆகவே ஜுரம் இல்லாமல் குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு, பிரஷர் வழக்கத்தைவிட நன்றாகக் குறைவது, எழுந்து உட்கார முடியாத சோர்வு எது வந்தாலும் ஜுரம் வந்ததாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள். "என்னமோ ஆள் சரியில்லை" என்று கூடவே இருப்பவருக்குத் தோன்றினால் அதுவும் காரணம்தான்.

கழுத்திலோ கையிலோ மருந்து ஏற்றும் குழாய் போட்டிருந்தால், அதில் மருந்து தள்ளியதும் குளிர் நடுக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். குழாய்க்குள்ளேயே கிருமி உட்கார்ந்திருக்கலாம்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் குடல் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை இரண்டுக்கும் இதே தடை.

அவசரப் பிரிவில் போய் நின்றதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறார், இன்று ஒன்பதாவது நாள், காய்ச்சல் இருக்கிறது." "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். கையில் ஒரு பை தயாராக இருக்கட்டும்: கடைசி ரத்த ரிப்போர்ட், மருந்துப் பட்டியல், கண்ணாடி, காது மெஷின், மாற்றுத் துணி.

6. தண்ணீரும் சாப்பாடும்

தண்ணீரை முன்னால் வைக்கிறேன். வயதானால் தாகம் மங்கிவிடும்; உடம்பு வற்றிக்கொண்டிருக்கும்போதும் "தாகம் இல்லை" என்பார்கள். மைலோமாவில் நோய் உண்டாக்கும் புரதங்கள் சிறுநீரகக் குழாயை அடைக்காமலிருக்கத் தண்ணீர் வேண்டும். வெனிட்டோகிளாக்ஸ் மாதிரி மருந்து தொடங்கும்போது செல்கள் ஒரேயடியாகச் சாவதால் யூரிக் ஆசிட், பொட்டாசியம் எல்லாம் ஏறும். அதற்காக முதல் டோஸுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கச் சொல்வார்கள். இதயம் பலவீனமானவருக்கு இதே அளவு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். அதனால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த அளவைக் காலையிலேயே பாட்டிலில் நிரப்பி வையுங்கள். சாயங்காலம் எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு.

எடையைத் தினமும் காலையில், கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரே மாதிரி உடையில் பாருங்கள். 60 கிலோ ஆள் ஒரு மாதத்தில் 3 கிலோ இழந்தால் அது 5 சதவீதம். ஊட்டச்சத்து நிபுணரை உடனே பார்க்க வேண்டிய அளவு. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். கால் வீக்கமும் மூச்சும் எப்படி என்று பார்த்து போன் செய்யுங்கள்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு மாறும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, அதனால் பால், தயிர், பயறு, மீன், கோழி என்று ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் சேர்த்தால்தான் கணக்கு நிறையும். மூன்று பெரிய சாப்பாட்டைவிட ஆறு சின்னச் சாப்பாடு உள்ளே போகும். வாந்தி மருந்தை வாந்தி வந்த பிறகு கொடுப்பது வீண், சொன்ன நேரத்தில் முன்கூட்டியே கொடுங்கள். பிடித்த உணவை வாந்தி வரும் நாளில் ஊட்டாதீர்கள். அப்புறம் அதையும் வெறுத்துவிடுவார்கள்.

பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் தடை செய்யும் உணவு முறை நோய்த்தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நன்றாகக் கழுவிய, தோல் உரித்த பழம் பொதுவாகச் சரி, ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி கண்டிப்பாகச் சொன்னால் அதையே கேளுங்கள். உண்மையில் தவிர்க்க வேண்டியவை: அரைவேக்காட்டு முட்டை, இறைச்சி, மீன், காய்ச்சாத பால், சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தது, யார் யாரோ கைவிட்ட திறந்த உணவு. சமைப்பவர் கை கழுவுவது இதையெல்லாம்விடப் பெரிது.

7. வாயும் வயிறும்

வாய் புண்ணானால் சாப்பாடும் மாத்திரையும் நின்றுபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி சமையல் சோடா. இதால் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். பல்செட்டை ராத்திரி கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நாக்கில் வெள்ளைத் திட்டு இருந்தால் காளான் தொற்றாக இருக்கலாம், காட்டுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றிப் பெரியவர்கள் வெட்கப்பட்டு வாயே திறப்பதில்லை. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து, மார்ஃபின் வகை வலி மருந்துகள், வாந்திக்கான ஆன்டான்செட்ரான் மூன்றுமே மலத்தைக் கட்டும். ஆகவே நோட்டில் தினமும் ஒரு கட்டம் போட்டு "ஆச்சா, இல்லையா" என்று மட்டும் குறியுங்கள். இரண்டு நாள் காலியாக இருந்தால் போன். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கி உண்டா என்று கேளுங்கள். பேதியானால் கடையில் மருந்து வாங்கி அடைக்காமல் முதலில் கேளுங்கள், கிருமியால் வந்த பேதியாக இருக்கலாம்.

கீமோ ஏறிய 48 மணி நேரம் அவருடைய சிறுநீர், வாந்தி, மலத்தைக் கையுறையோடு சுத்தம் செய்யுங்கள். கழிப்பறை மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்.

8. நடக்க வையுங்கள், விழாமல்

"உடம்பு முடியாத மனுஷன், படுத்திருக்கட்டும்" என்பது அன்பினால் செய்கிற கெடுதல். முதியவர் சில நாள் படுத்தாலே தொடைச் சதை கரையும். ஸ்டீராய்டும் அதே சதையைத்தான் அரிக்கும். புற்றுநோய்க் களைப்பு ஓய்வெடுத்தால் தீராது, மெல்லிய நடமாட்டத்தில்தான் குறையும். பத்து நிமிஷ நடை, நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது ஐந்து முறை. ஸ்டீராய்டு நாளில் துள்ளிக்கொண்டிருந்துவிட்டு, அது முடிந்த ஓரிரு நாளில் துவண்டு போவார். அந்த நாளில் பாதி போதும்.

விதிவிலக்குகள் உண்டு. மைலோமா எலும்பை அரித்திருந்தால் குனிந்து தூக்குவது, இடுப்பைத் திருகுவது கூடாது. வாளித் தண்ணீர் தூக்கி முதுகெலும்பு நொறுங்கியவர்கள் இருக்கிறார்கள். தட்டணு 20,000-க்குக் கீழே, ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றால் எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டுவிட்டு நடங்கள்.

விழாமல் இருக்க, ராத்திரி விளக்கு, பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, குதிகாலைப் பிடிக்கும் செருப்பு. போர்டெசோமிப், வின்கிரிஸ்டின் எடுப்பவருக்குப் பாதம் மரத்துப்போகலாம், தரையே தெரியாது. மரப்பு புதிதாக வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைத்தால் நரம்பு தப்பும்.

வாரம் ஒருமுறை பிரஷரைப் படுத்த நிலையில் பார்த்து, நிற்கவைத்து ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எழும்போது தலைசுற்றி விழுவார். எடை குறைந்த உடம்புக்குப் பழைய பிரஷர் மாத்திரை அளவு அதிகமாகிவிட்டிருக்கும். இதைச் சொன்னதும் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், அப்பாவின் தலைசுற்றல் அதோடு போயிற்று.

தலையில் அடிபட்டு, தட்டணுவும் குறைவு அல்லது ரத்தம் உறையாமைக்கான மருந்தும் உண்டு என்றால், ஆள் சிரித்துக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரி. மைலோமா, லிம்ஃபோமாவில் புது முதுகுவலியோடு கால் பலவீனம், சிறுநீர் நின்றுபோவது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது வந்தால் தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள் கொள்ளலாம். அதற்கும் அன்றே, அப்போதே.

9. குழப்பம், தூக்கம், மனசு

காலையில் தெளிவாகப் பேசியவர் சாயங்காலம் மாற்றிப் பேசினால் அது "வயசு" அல்ல. கிருமி, சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல், புது மருந்து என்று காரணம் ஏதாவது இருக்கும். கத்துபவரை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். பேசாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் குழப்பம்தான் தப்பிப்போகும். தாகமும் மலச்சிக்கலும் சேர்ந்த குழப்பம் மைலோமாவில் கால்சியம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

காது மெஷினும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா பாருங்கள். தூக்கத்துக்காகச் சளி மாத்திரை, பழைய தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். முதியவர்களுக்கு அவை குழப்பத்தையும் விழுவதையும் கூட்டும்.

இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, முகம் தொங்கியே இருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். "இந்த நிலைமையில் யாருக்குத்தான் இருக்காது" என்று விட்டுவிட வேண்டாம். மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு.

10. ரத்தம் ஏற்றும் நாள்

ஹீமோகுளோபின் 7-க்கு அருகில் வந்தால், இதய நோய் இருந்தால் 8-க்கு அருகிலேயே, ஏற்றுவது வழக்கம். ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் தட்டணு 10,000-க்குக் கீழே போனால் ஏற்றுவார்கள். வயதான இதயத்துக்குள் பையை வேகமாக இறக்கினால் நுரையீரலில் நீர் கோக்கும். "மெதுவாகப் போகட்டுமா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். ஏறும்போதும் வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சிரைப்பு, முதுகுவலி, நடுக்கம், தடிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள்.

ஃப்ளூடராபைன் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்கும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா உள்ளவர்களுக்கும் கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி அவர் பையில் வைத்துவிடுங்கள்.

11. டாக்டர் அறையில்

வீட்டில் முனகிக்கொண்டிருந்தவர் டாக்டர் முன்னால் "நல்லா இருக்கேன் சார்" என்பார். மருந்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயம். அவரை அங்கே மறுத்துப் பேசி அவமானப்படுத்த வேண்டாம். நோட்டை மேசையில் விரித்து வைத்தால் போதும். முதல் வரியில் அந்த வாரத்தின் பெரிய தொல்லை மூன்றை மட்டும் எழுதுங்கள்.

டோஸ் குறைப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். 80 வயதைத் தாண்டியவர்களின் லிம்ஃபோமாவுக்கு ஆர்-மினி-சாப் என்று அளவு குறைத்த முறையே இருக்கிறது. பாதியில் முழுவதும் நிறுத்துவதைவிட, தாங்கும் அளவில் தொடர்வது நல்லது.

அவருக்கு எது முக்கியம் என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அவரிடமே, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில். நீண்ட நாளா, வீட்டில் இருப்பதா, வலியில்லாமல் இருப்பதா? ஐ.சி.யூ., செயற்கைச் சுவாசம் வேண்டுமா? அவருக்குப் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது? வலி தணிப்புப் பிரிவு கடைசிக் கட்டத்துக்கு மட்டும் என்பது தவறு. கீமோ நடக்கும்போதே அவர்கள் வாந்தி, வலி, தூக்கம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

12. இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள்

இதை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள், நானும் இங்கே கடைசியில்தான் வைத்திருக்கிறேன். செய்ய வேண்டியதோ இரண்டாம் வாரத்திலேயே. நீங்களும் காய்ச்சலில் படுப்பீர்கள். படுத்தால் அவர் பக்கத்திலேயே போகக் கூடாது.

தம்பியோ, மகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒருவரைப் பிடித்து ஒரு நாள் முழுக்க உங்கள் வேலையைச் செய்ய விடுங்கள். நீங்கள் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். தெர்மாமீட்டர் எங்கே என்று தேடுகிறாரா, நோட்டில் உங்கள் கையெழுத்து புரிகிறதா, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று தெரிகிறதா. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அலமாரிக் கதவில் அப்படி ஏழு சீட்டுகள் இருந்தன. முதல் சீட்டில் 100.4 என்று மட்டும் எழுதி, கீழே போன் நம்பர்.